ஒத்திகையில் மூழ்கியவன்

தேரிமூலைக்கு வழி கேட்டால் ஒருவரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள். அங்கே போய்விட்டு வந்தவர்கள், சிரித்து முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள். அதோடு சரி.

செம்மண் தேரிக்கு நட்டநடுவில் அந்த ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு மணல். இடையிடையே பனை, உடைமரம், கொஞ்சம் முருங்கை. ஊருக்குக் கிழக்கே அந்த மணல்காடு சட்டென்று பிளந்து பத்துப் பனை ஆழத்துக்கு இறங்கும். அந்த இடுக்கின் அடியில் ஓடுவதுதான் செங்குத்தாறு. ஓடுவது என்று சொன்னது ஒரு மரியாதைக்காக. ஐப்பசியில் மேற்கு மலையில் மழை கொட்டினால் பத்து நாள் தண்ணீர் வரும். மற்ற நாளெல்லாம் அதில் ஓணான்தான் ஓடும். ஆனால் அந்தப் பத்து நாளும் இரண்டு பக்கப் பாறையிலும் முட்டி மோதி, நுரை கக்கிக்கொண்டு, ஊரே அதிரும்படி ஓடும்.

தேரிமூலைக்காரர்கள் நல்லவர்கள். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கதை போகப்போக அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ ஒரு காலத்தில் ஒத்திகை பார்க்காமல் கூத்து ஒன்று போட்டார்கள். ராஜாவின் சணல் தாடியில் தீப்பந்தம் பட்டு, ராஜா கிரீடத்தோடு கிணற்றில் குதித்தார். மறுநாளே ஊர் கூடி இரண்டு தீர்மானம் போட்டது. முதல்முறையாகச் செய்கிற எந்தக் காரியத்துக்கும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது ஒன்று. ஒத்திகையில் எது எப்படி நடந்ததோ, அது அப்படியே காரியத்திலும் நடக்க வேண்டும் என்பது இரண்டு. மாற்றிக்கொள்ளலாம் என்றால் ஒத்திகை எதற்கு?

நம்ம தங்கப்பழத்தின் கல்யாணத்துக்கும் ஒத்திகை பார்த்தார்கள். தாலி கட்டப் போகிற நேரத்தில் பெண் தும்மிவிட்டாள். அதனால் கல்யாணத்தன்று, தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையும், வாயைப் பார்த்துக்கொண்டு ஊரும், பெண் எப்போது தும்முவாள் என்று காத்திருந்தார்கள். முகூர்த்தம் தாண்டப் போகிறது என்று தெரிந்ததும் ஒத்திகைக்கு மேஸ்திரியான சுயம்புலிங்கம் தன் மூக்குப்பொடி டப்பாவைத் தாராளமாகத் திறந்து நீட்டினார். பெண் பதினோரு தும்மல் தும்மினாள். இரண்டாவது தும்மலுக்கும் மூன்றாவது தும்மலுக்கும் நடுவில் தங்கப்பழம் தாலியைக் கட்டி முடித்தான். அன்றைக்கே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

அவள் பெயர் சந்தனமாரி. பிறந்த ஊர் ஆற்றுவாய். செங்குத்தாறு இடுக்கை விட்டு வெளியே வந்து மூச்சு வாங்குகிற இடம் அது. மணலில் சுற்றிக்கொண்டு நடந்தால் மூன்று நாள். தண்ணீர் ஓடும்போது படகில் போனால் அரை நாள். கட்டிக்கொண்டு வந்தவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வருசத்துக்கு ஒரு தடவை, ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது, படகில் அம்மா வீட்டுக்குப் போய்வர வேண்டும். அதுக்கென்ன, போவோம் என்றான் தங்கப்பழம். முதல் வருசம் ஒத்திகைக்கு நாள் குறிப்பதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது. இரண்டாம் வருசம் ஒத்திகைக்கு யார் யார் என்று பேசி முடிப்பதற்குள் வற்றிவிட்டது. மூன்றாம் வருசம் ஐப்பசிக்கு முன்னாலேயே அவள் துணிமூட்டையைக் கட்டினாள்.

"நான் போறேன்" என்றாள். "யானைப்பாறையோட பாதம் வெளிய தெரியதுக்குள்ள ஆத்து வழியா வந்து கூப்பிட்டா, வாரேன். மணல்ல நடந்து வந்தீயன்னா, அப்படியே திரும்பிப் போயிரணும். பொறவு நான் அங்க, நீங்க இங்க."

யானைப்பாறை என்பது ஊருக்கு நேர் கீழே ஆற்றுக்குள் நிற்கிற பாறை. தண்ணீர் வந்த முதல் நாள் அதன் முதுகு வரை மூடும். பிறகு நாளுக்கு நாள் இறங்கும்.

அவள் போன பிறகு தங்கப்பழத்துக்கு எதுவும் பிடிக்கவில்லை. முருங்கைத் தோட்டத்தில் போய் நின்றால் எதற்கு வந்தோம் என்று மறந்துவிடும். வீட்டில் திட்ட ஆள் இல்லாமல் சோறு இறங்க மறுத்தது. அவள் மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறான்; ஒத்திகை பார்க்காததால் சொன்னதில்லை.

சந்தனமாரியின் அண்ணன் செண்பகராமன் ஆற்றுவாயில் படகோட்டி. தங்கச்சி புருசன் மேல் இரக்கப்பட்டு, ஒரு ரப்பர் படகை மடித்து மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு மூன்று நாள் மணலில் வந்தார். காற்றடித்து, நாலு துடுப்பையும் கையில் கொடுத்தார். வழியில் மொத்தம் பதினோரு இடத்தில் ஆறு வெள்ளை வெளேர் என்று கொதிக்கும், அதற்கு நுரை என்று பேர் என்றார். பிறகு மூன்றே மூன்று பாடம் சொன்னார். நுரை வருவதற்கு முன் கரையில் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். விழக்கூடிய சாமானையெல்லாம் கட்டிவிட வேண்டும். யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்கவே கூடாது. மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, ஆறு கரை சேர்க்கும் வரை அப்படியே கிடக்க வேண்டும். இந்த மூன்றும் போதும், மற்றதை ஆறே சொல்லிக்கொடுக்கும் என்று சொல்லிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். கேள்வி கேட்பதற்காக ஊர் திரண்டு வருவதைப் பார்த்ததும் வண்டியை ஓட்டிவிட்டார்.

அவர் போய்ச் சரியாக ஆறாம் நாள் தண்ணீர் வந்தது. தங்கப்பழம் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான். யானைப்பாறையின் முதுகு மட்டும் தெரிந்தது. அவனும் துணைக்கு மூன்று பேருமாக நாலு பேர் போவது என்று முடிவாயிற்று. ஒத்திகை மேஸ்திரி சுயம்புலிங்கம் தலைமை. துடுப்புப் போட கோயில்பிச்சை. ஒரே கையால் மாட்டைத் தள்ளி நிறுத்துகிறவர், மனசு மட்டும் வெண்ணெய். சட்டம் பேச ஐகோர்ட்துரை. ஐகோர்ட்துரை என்பது அந்தப் பக்கத்துச் சாமி ஒன்றின் பேர்; அதைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். ஆனால் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று சின்ன வயதிலேயே தீர்மானம் செய்துகொண்டவர் அவர்.

தண்ணீர் வந்த இரண்டாம் நாள் முழுக்க, விழக்கூடிய சாமான் எது எது என்று உட்கார்ந்து யோசித்தார்கள். சோற்று மூட்டை, செருப்பு, மூக்குப்பொடி டப்பா எல்லாம் கயிற்றில் ஏறின. சுயம்புலிங்கத்தின் முன்பல் ஒன்று ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு நூலால் கட்டி மறுமுனையைக் காதில் சுற்றினார்கள்.

"மனுசன் விழுவானா, அண்ணாச்சி?" என்று கேட்டார் கோயில்பிச்சை.

"விழுவான். ஆனா மனுசன் சாமான் இல்ல" என்றார் ஐகோர்ட்துரை. அதனால் மனிதர்களைக் கட்டவில்லை.

மூன்றாம் நாள் மணலில் ஆறு போட்டார்கள். பனைமட்டையை இழுத்து இரண்டு கோடு. இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே பதினோரு இடத்தில் பச்சரிசி மாவைக் கொட்டி நுரை. கடைசியில் ஆற்றுவாய். அங்கே ஒரு பனங்கட்டையை நட்டு, சந்தனமாரி விட்டுப்போன நீலப் புடவையை அதற்குச் சுற்றினார்கள். கொசுவத்தைத் தங்கப்பழமே வைத்தான். நாலு தடவை வைத்தும் அவளுக்கு அமைகிற மாதிரி அமையவில்லை. அவன் கொஞ்ச நேரம் கட்டைக்கு எதிரே நின்றுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான்.

மாவு வாசம் பிடித்து ஆடுகள் வந்தன. விரட்டுவதற்குள் கீழ்க்கோடியில் இருந்த மூன்று நுரையை நக்கித் தீர்த்துவிட்டன. வேறு மாவு இல்லை. ஐகோர்ட்துரை விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஆற்றில் இனி எட்டு நுரைதான் என்று அறிவித்தார். வேலை குறைந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நாலாம் நாள் காலை ஒத்திகை ஆரம்பமானது. ஆறாக நடிக்கப் பத்துப் பேர். படகுக்கு முன்னால் ஒரு வடத்தைக் கட்டி அவர்கள் இழுக்க, நாலு பேரும் உள்ளே உட்கார்ந்து துடுப்புப் போட்டார்கள். கோயில்பிச்சை போட்ட போட்டில் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் மணலில் குளித்தார்கள். ஒவ்வொரு நுரைக்கும் முன்னால் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு மாவைப் பார்த்துவிட்டு, ஏறிக்கொண்டார்கள். நாலு நுரை நல்லபடியாகக் கடந்தது.

அஞ்சாவது நுரையில் ஓர் ஆடு நின்று மாவு நக்கிக்கொண்டிருந்தது. ஆறு வேகமாக இழுத்தது. ஆடு நகரவில்லை; வந்த படகை நிமிர்ந்து பார்த்து, முன்னால் உட்கார்ந்திருந்த தங்கப்பழத்தின் நெஞ்சில் ஒரே முட்டு. அவன் பின்பக்கமாக ஆற்றில் விழுந்தான்.

விழுந்தவன் மச்சான் சொன்ன பாடத்தை மறக்கவில்லை. மல்லாந்து படுத்தான். காலை முன்னால் நீட்டினான். ஆறு தன்னைக் கரை சேர்க்கட்டும் என்று காத்திருந்தான்.

ஆறு படகை இழுத்துக்கொண்டு போய் ஆற்றுவாயில் சேர்த்தது. பிறகு வடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது. சாப்பிட்ட பிறகு ஆற்றுக்குத் தூக்கம் வந்தது.

உச்சி வெயில் சுள்ளென்று இறங்கியது. தங்கப்பழம் கண்ணை இடுக்கிக்கொண்டு அப்படியே கிடந்தான். எழுந்து நாலு எட்டு வைத்தால் கரைக்கோடு. ஆனால் எழுந்து நிற்கக் கூடாதே. எறும்பு காதுக்குள் போய் வெளியே வந்தது. சந்தனமாரியை நினைத்துக்கொண்டான். அவளுக்காக எறும்புக்கடி கூடத் தாங்க மாட்டோமா என்று தோன்றியது. மற்ற மூன்று பேரும் பனங்கட்டைக்குப் பக்கத்தில் நின்று, நெற்றியில் கை வைத்து, அவன் கரை சேருகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பொழுது சாய்ந்தால் ஒத்திகை முடிந்தது என்பது விதி. பொழுது சாய்ந்தது. சுயம்புலிங்கம் தலைத்துண்டை அவிழ்த்தார். பனங்கட்டைக்கு எதிரே போய் நின்று, "தாயி, மனசத் திடப்படுத்திக்கோ. உன் புருசன் அஞ்சாவது நுரையில போயிட்டாரு" என்றார். கட்டை ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு பெரிய துக்கத்தை எப்படி அடக்கிக்கொண்டாள் என்று மூன்று பேரும் வியந்தார்கள். பிறகு அதைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தங்கப்பழத்தின் வீட்டில் அடுப்புப் பக்கம் நிறுத்தினார்கள்.

திரும்பி வந்து, ஒத்திகை முடிந்தது, எழுந்திரும் என்றார்கள். அவன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான்.

"அண்ணாச்சி, நான் உயிரோடதான இருக்கேன்?"

"இருக்கீரு. அதுல என்ன சந்தேகம்?" என்றார் சுயம்புலிங்கம். அவிழ்த்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா மூழ்கிட்டீரு, வே."

அப்போதுதான் தங்கப்பழத்துக்கு விஷயம் புரிந்தது. ஒத்திகையில் நடந்தது காரியத்திலும் நடந்தாக வேண்டும். அவன் படகில் ஏறினால் அஞ்சாவது நுரையில் மூழ்க வேண்டும். ஏறாவிட்டால் சந்தனமாரி வர மாட்டாள். அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

இன்னொரு ஒத்திகை பார்த்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தான். முதல்முறை செய்கிற காரியத்துக்குத்தான் ஒத்திகை, இரண்டாம் முறை பார்த்தால் அது முதல்முறை ஆகாது என்று ஐகோர்ட்துரை சட்டத்தை எடுத்துச் சொன்னார். நிஜ ஆற்றுக்குள் ஆடு இருக்காதே என்றான்.

"இருக்காதுன்னு எப்படிச் சொல்லுதீரு? அஞ்சாவது நுரையப் போய்ப் பாத்தீரா?"

"இல்ல."

"பாக்காத எடத்தப் பத்திப் பேசப்பிடாது."

ஐந்தாம் நாள் துக்கச் சாப்பாடு. செத்தவருக்கு மிகவும் வேண்டியவர் என்பதால் தங்கப்பழத்துக்கு முதல் பந்தியில் முதல் இலை. முருங்கைக்காய் சாம்பார். பக்கத்து இலையில் கோயில்பிச்சை தேம்பித் தேம்பி அழுதுகொண்டே, அவருக்கு முருங்கைக்காய் என்றால் உயிர் என்றார். ஆமாம், உயிர்தான் என்று சொல்லி தங்கப்பழம் இன்னும் இரண்டு துண்டு போடச் சொன்னான். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. அவன் மனசுதான் நன்றாக இல்லை.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் கூட்டம் நடந்தது. எட்டாம் நாள் காலையில் எட்டிப் பார்த்தபோது யானைப்பாறைக்கு முழங்கால் தெரிந்தது. தங்கப்பழம் வேகமாகத் திரும்பி வந்து, தன்னை மட்டும் ஒரு தடவை மூழ்கவிட்டால் போதும், போகிற வழியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாவது மூழ்குகிறேன் என்று கெஞ்சினான். அஞ்சாவது நுரை ஆற்றுவாய்க்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, அதனால் அதற்கும் வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்கள். அவர்களுக்கும் அவன் மேல் பிரியம்தான். சுயம்புலிங்கம் இரண்டு நாளாக மூக்குப்பொடியைத் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் ஐகோர்ட்துரை செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"மூழ்கினவரோட உடம்பு கிடைச்சுதா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல."

"தேடுனமா?"

சுயம்புலிங்கம் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். கூடவே வளர்ந்தவன், மூழ்கி ஐந்து நாளாகிறது, சாப்பாடும் போட்டாயிற்று, ஒருவருக்காவது தேடத் தோன்றியதா?

தேடப் போக வேண்டுமென்றால் அதற்கும் ஒத்திகை வேண்டாமா என்று கோயில்பிச்சை கேட்டார். வேண்டாம், போன வருசம் என் ஆடு காணாமல் போனபோது எல்லோரும் தேடியிருக்கிறோம், தேடுவது நமக்குப் புதுசு இல்லை என்றார் ஐகோர்ட்துரை. மறுபடி விழ வேண்டி வருமோ என்ற பயமும் வேண்டாம். விழ வேண்டியவர் ஏற்கெனவே விழுந்தாயிற்று. ஒரே ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. உடம்பு கிடைத்தால், அது அவர்தான் என்று அடையாளம் காட்ட ஒரு ஆள் வேண்டும். பொண்டாட்டியோ ஊரில் இல்லை. நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

தங்கப்பழம் கையைத் தூக்கினான்.

"எனக்கு அவனச் சின்ன வயசுல இருந்தே தெரியும்" என்றான்.

சபை அவனை ஏற இறங்கப் பார்த்தது. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் விடிந்ததும் படகை இறக்கினார்கள். யானைப்பாறையின் கணுக்கால் தெரிந்தது, பாதம் தெரியவில்லை. மூழ்கியவனின் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதால் தங்கப்பழம் சோற்று மூட்டையின் மேல் உட்கார்ந்தான். சுயம்புலிங்கம் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, போகலாம் என்றார். ஆறு அதற்கு முன்பே அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அடடா, அது என்ன ஓட்டம். இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை ஆகாசம் வரை நிற்க, நடுவில் ஒரு கோடாய் வானம் தெரிய, படகு துள்ளித் துள்ளிப் போனது. தேரியில் பிறந்து, வாளித் தண்ணீரை அளந்து குளித்து வளர்ந்த நாலு பேருக்கும் முகத்தில் இவ்வளவு தண்ணீர் அடித்தது அதுவே முதல் தடவை. தங்கப்பழத்துக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. துக்க காரியமாக வந்திருக்கிறோம் என்று அடக்கிக்கொண்டான்.

ஒவ்வொரு நுரைக்கு முன்னாலும் கரையில் இறங்கினார்கள். நின்று பார்த்தார்கள். பயங்கரமாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பார்க்கச் சொன்னாரே தவிர, பார்த்த பிறகு எப்படிப் போக வேண்டும் என்று செண்பகராமன் சொல்லவில்லை. ஆகவே படகில் ஏறி, எங்கே அதிகம் கொதிக்கிறதோ அதற்குள் நேராக விட்டார்கள். ரப்பர் படகு என்பதால் பாறையில் முட்டித் திரும்பித் தானே வழி கண்டுபிடித்துக்கொண்டது.

அஞ்சாவது நுரைதான் எல்லாவற்றிலும் பெரியது. அங்கே வந்ததும் யாருக்கும் துடுப்புப் போடக் கை வரவில்லை. இந்த இடத்தில்தானே போனான் என்று கோயில்பிச்சை ஓவென்று அழுதார். சுயம்புலிங்கம் மடியிலிருந்து முருங்கைப் பூவை எடுத்துத் தண்ணீரில் தூவினார். தங்கப்பழமும் அழுதான்; நல்ல மனுசன், ஒருத்தர் மனசும் நோகப் பேச மாட்டான், வயசும் முப்பத்திரண்டுதான். நாலு பேரும் கும்பிட்ட கையோடு இருந்த அந்த நேரத்தில், யாரும் குறுக்கே துடுப்பை நீட்டாததால், படகு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. உடம்பு மட்டும் கிடைக்கவில்லை.

எட்டாவது நுரையும் தாண்டிற்று. ஆறு முடிந்தது என்று சுயம்புலிங்கம் அறிவித்தார். துடுப்புகளை உள்ளே வைத்துவிட்டுச் சோற்று மூட்டையை அவிழ்த்தார்கள். முதல் உருண்டையை வாயில் வைக்கும்போது எதிரே வெள்ளையாக எதுவோ தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒம்பதாவது நுரை வருது" என்றார் கோயில்பிச்சை.

ஐகோர்ட்துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதத்தான் ஆடு நக்கிட்டுல்லா. நீரு சாப்பிடும்" என்றார்.

ஆடு நக்கிய நுரை படகை அப்படியே குப்புறக் கவிழ்த்தது.

விழுந்த நாலு பேரும் பாடத்தை மறக்கவில்லை. மல்லாந்தார்கள். காலை முன்னால் நீட்டினார்கள். மணலில் ஒரு பகல் முழுக்கக் கிடந்து பழகியவன் என்பதால் தங்கப்பழம்தான் மற்றவர்களுக்கு, தலையைத் தூக்காதே, முதுகை வளைக்காதே என்று சொல்லிக்கொண்டே போனான். இந்தத் தடவை ஆறு சாப்பிடப் போகவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்று நுரையிலும் நாலு பேரையும் ஆடாமல் அசையாமல் தூக்கிக்கொண்டு போனது. சுயம்புலிங்கத்தின் பல் விழுந்துவிட்டது. ஆனால் கட்டியிருந்ததால் காதில் தொங்கியது.

ஆற்றுவாய்ப் படித்துறையில் சந்தனமாரி பத்து நாளாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்க இருந்தது என்னவோ இரண்டு புடவைதான். முதலில் படகு மட்டும், அடி மேலாக, ஆள் இல்லாமல் வந்தது. அவள் கையில் இருந்த புடவை நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. இந்த வீம்பு எனக்கு எதுக்கு வந்தது என்று தலையில் அடித்துக்கொண்டாள். படகின் பின்னால் எட்டு உள்ளங்கால்கள் வந்தன. அதில் இரண்டு, பித்தவெடிப்போடு, உடைமுள் குத்திய தழும்போடு, அவள் மூன்று வருசமாக விளக்கெண்ணெய் தடவிய கால்கள்.

கால் படியில் தட்டியதும்தான் தங்கப்பழம் எழுந்தான். கண்ணைத் திறந்தால் அவள்.

அவன் வாயெடுப்பதற்குள் சுயம்புலிங்கம் சொட்டச் சொட்ட முன்னால் வந்து நின்றார். "தாயி, மனசத் திடப்படுத்திக்கோ. உன் புருசன் அஞ்சாவது நுரையில போயிட்டாரு" என்றார்.

சந்தனமாரி அவரைப் பார்த்தாள். காதில் தொங்கும் பல்லைப் பார்த்தாள். பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் புருசனைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கப் போன நேரத்தில் அவன் காதோடு சொன்னான்.

"பேசிராத, மாரி. ஒத்திகையில நீ பேசல."

மூன்று வருசம் தேரிமூலையில் குடும்பம் நடத்தியவள் அவள். இப்போது ஒரு வார்த்தை பேசினால் அதைப் பேசித் தீர்க்க அடுத்த ஐப்பசி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதோடு, எப்படி வந்தானோ, மனுசன் ஆற்று வழியாக வந்துவிட்டான். அவள் வாயை மூடிக்கொண்டு கட்டை மாதிரி நின்றாள். ஒத்திகையில் நடந்ததற்கு ஒரு இம்மி மாறவில்லை என்று மூன்று பேருக்கும் பரம திருப்தி.

ஒத்திகையில் கட்டையைத் தோளில் தூக்கிப் போனார்கள் அல்லவா? சந்தனமாரியையும் தூக்கினார்கள். மூன்று பேரின் தோள்மேலேயே அவள் மூன்று நாள் மணலைக் கடந்தாள். முறுக்குத் தின்றுகொண்டு, மேலே இருந்து வழி சொல்லிக்கொண்டு வந்தாள். தங்கப்பழம் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். ஒத்திகை அப்படி ஒன்றும் கெட்ட வழக்கம் இல்லை என்று வழியில் அவளுக்குத் தோன்றியதாம். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்புப் பக்கம் தன் நீலப் புடவையில் நின்ற கட்டையைப் பார்த்து, இது யார் என்றாள். நீதான் என்றான் தங்கப்பழம். கொசுவம் சரியில்லை என்று சொல்லி அவள் அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, கட்டையை அடுப்பில் வைத்தாள்.

தங்கப்பழத்தின் உடம்பு இன்னும் கிடைக்கவில்லை. அதனால் வருசாவருசம் ஐப்பசியில் தண்ணீர் வந்ததும், ஒத்திகை இல்லாமல், நாள் பார்க்காமல் படகைக் கட்டிக்கொண்டு தேடப் போகிறார்கள். புருசனைத் தேடும்போது பொண்டாட்டி வீட்டில் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? ஆகவே சந்தனமாரியும் போகிறாள். மதியம் அம்மா வீட்டில் சாப்பாடு, நாலு நாள் தங்கல், திரும்பி வர மூன்று பேர் தோள். ஊர்க்கூட்டத்தில் மட்டும் தங்கப்பழத்துக்கு ஓட்டு கிடையாது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

போன ஐப்பசியில் அஞ்சாவது நுரைக்கு முன்னால் வழக்கம்போல் இறங்கினார்கள். முருங்கைப் பூ தூவியானதும் மற்றவர்கள் படகுக்குத் திரும்பிவிட்டார்கள். தங்கப்பழம் மட்டும் பாறை விளிம்பில் குந்தி, தண்ணீருக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தனமாரி போய் அவன் தோளில் கை வைத்தாள். இந்த வருசமும் காணவில்லையே என்றான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. விடுங்கள், அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"நீ ஒண்ணும் கவலப்படாத, மாரி" என்றான் தங்கப்பழம், எழுந்து அவளைத் தேற்றியபடி. "எங்க போயிரப் போறான்? அவனுக்குத்தான் நீச்சல் தெரியாதே."